பின் சீட்டில் பெட்ரோல் வாடை

அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு ஒன்றும் அப்படிப் பெரியதல்ல. கண்ணாடி போட்டால் நழுவி விழுகிற சப்பை மூக்கு. ஆனால் அது பார்த்த வேலை பெரியது. பட்டறை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றதும், பேனட்டைத் திறப்பதற்கு முன்பே அதை ஒருமுறை சுற்றி வருவார். ஆயில் சொட்டிச் சூட்டில் தீய்கிறதா, கிளட்ச் கருகுகிறதா, ரேடியேட்டர் கசிந்து இனிப்பாக ஆவியடிக்கிறதா, ஏதாவது ஒயர் உருகுகிறதா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். "நாய் ஜென்மம்யா உனக்கு" என்று லாரி டிரைவர்கள் சிரிப்பார்கள். "கடிக்க மாட்டேன், பயப்படாம சாவியக் குடு" என்று அவரும் சிரிப்பார்.

பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, நடுவில் இறங்கி நின்று வேலை பார்க்க ஒரு குழி. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே இருந்த கதவைத் திறந்தால் வீட்டுக் கூடம். அங்கே அவர் மனைவி தையல் மெஷின் போட்டு வண்டிகளுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருப்பாள். இருவருக்கும் பிள்ளை இல்லை. பேச்சுத் துணைக்கு ஒருவருக்கு ஒருவர் போதும் என்று இருந்தார்கள். மெஷின் சத்தம் நின்றால் அவர் எட்டிப் பார்ப்பார். சுத்தியல் சத்தம் நின்றால் அவள் எட்டிப் பார்ப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. படுத்தார், வியர்த்தார், எழுந்தார். உடம்பு கொஞ்சம் இளைத்ததைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பட்டறைக்கு வந்த முதல் நாள், பெஞ்சின் மேல் பாட்டிலில் இருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் அடித்துக்கொண்டார். கண் நெருப்பாக எரிந்தது. தட்டுத்தடுமாறிக் குழாயடிக்கு ஓடிக் கண்ணைக் கழுவிவிட்டு வந்து அந்தப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பெட்ரோல். மூக்கருகே வைத்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். வெறும் காற்று போய்வந்தது. தண்ணீர்ப் பாட்டிலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தார். கிரீஸைத் தேய்த்துப் பார்த்தார். பழைய டயரைத் தீக்குச்சியால் பொசுக்கிக்கூடப் பார்த்தார். புகை கண்ணில் பட்டுத் தண்ணீர் வந்ததே தவிர, மூக்கு அசையவில்லை.

காது மூக்கு டாக்டரிடம் தனியாகப் போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "மூக்குல ஒண்ணும் இல்ல. உள்ள நரம்பு அடிபட்டிருக்கு. திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார்.

"எப்போ வரும் டாக்டர்?"

"அது வந்தாதான் தெரியும்."

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்பது ஒரு காரணம். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்பது இன்னொரு காரணம். ஆவி பிடித்தார், மருந்து உறிஞ்சினார். வண்டிகள் வந்தபோது முன்போலவே சுற்றி வந்தார், முன்போலவே மூச்சை இழுத்தார், கண்ணாலும் கையாலும் காதாலும் எப்படியோ ஒப்பேற்றினார். ஒன்றை மட்டும் விட்டார். குழிக்குள் இறங்குவதை நிறுத்தினார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். மூக்கு இருக்கிறவனுக்கு அது குழி. மூக்கு இல்லாதவனுக்கு அது சவக்குழி. பலகை போட்டு மூடி, அதன் மேல் பழைய பம்பர்களை அடுக்கினார். "முட்டி வலிக்குது, இறங்கி ஏற முடியல" என்று மனைவியிடம் சொன்னார். அடியில் பார்க்க வேண்டிய வண்டிகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, படுத்துக்கொண்டு பார்த்தார்.

அந்த நாட்களில்தான் ஆமை வந்தது.

ஆமை என்பது கடிகாரக்காரரின் கார். முதுகு உருண்டு, முகம் உள்ளே ஒடுங்கி, கடிகாரக்காரர் பிறப்பதற்கு முன்பே செய்த வண்டி. கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிற மனிதர் அதை ஆசைக்காக வைத்திருக்கவில்லை. அவர் மனைவிக்கு சர்க்கரை நோய் முதலில் ஒரு காலை வாங்கிக்கொண்டது, பிறகு சிறுநீரகத்தையும் வாங்கிக்கொண்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். இப்போதைய கார்களில் அவளை மடக்கித்தான் உள்ளே திணிக்க வேண்டியிருந்தது. ஆமையின் பின்கதவு மட்டும் வாயைப் பிளந்த மாதிரி அகலமாகத் திறக்கும். சீட்டும் சக்கர நாற்காலியும் ஒரே உயரம். அவள் கையை ஊன்றி நகர்ந்து தானே ஏறி உட்கார்ந்துவிடுவாள். சக்கர நாற்காலி மடங்கி டிக்கிக்குள் போகும்.

"மூக்கரே, உள்ள பெட்ரோல் வாடை அடிக்குது. அவளுக்குக் குமட்டுது. என்னன்னு பாருங்க" என்று சாவியை நீட்டினார் கடிகாரக்காரர்.

மூக்கர் வழக்கம்போல் வண்டியைச் சுற்றி வந்தார். வழக்கம்போல் மூச்சை இழுத்தார். கடிகாரக்காரர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் போல. மூக்கர் பேனட்டைத் திறந்து கார்புரேட்டரைத் தடவினார். அடிப்பகுதி ஈரமாக இருந்தது. கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் அட்டை பழசாகி விரிந்திருந்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

"கார்புரேட்டர்தான் சார். மோந்ததுமே தெரிஞ்சுது" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை எதற்குச் சொன்னோம் என்று வண்டி போன பிறகும் யோசித்துக்கொண்டிருந்தார்.

சில நாளில் ஆமை திரும்பி வந்தது.

"போகலையே மூக்கரே."

"பழைய வாடை சீட்டுல ஏறியிருக்கும் சார். வெயில்ல நிறுத்துங்க, போயிடும்."

சொல்லிவிட்டாரே தவிர, மனசு கேட்கவில்லை. இருக்கட்டும், ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வண்டியை வாங்கி வைத்தார். டிக்கியைக் காலி செய்து டேங்கின் மேல்மூடியைக் கழற்றி, அளவு காட்டும் முள்ளுக்குக் கீழிருந்த ரப்பரை மாற்றினார். பெட்ரோல் ஊற்றும் வாய்க்குழாயை முறுக்கிப் பார்த்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, டேங்கிலிருந்து இஞ்சின்வரை போகிற இரும்புக் குழாயைத் துடைத்து, நீளம் முழுக்க சாக்பீஸ் பொடி தடவினார். எங்கே கசிந்தாலும் வெள்ளைப் பொடியில் கறை விழும். இஞ்சினை ஓட விட்டு, கீழே படுத்து, கழுத்து நோகப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடி வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

"இப்ப சுத்தமா இருக்கு சார்" என்று கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் முறை கடிகாரக்காரர் சாவியை நீட்டவில்லை. பெஞ்சின் மேல் எறிந்தார். பக்கத்தில் டயர் கடைக்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே கத்தினார்.

"நேத்து ஆஸ்பத்திரி வாசல்ல அவ மயங்கிட்டாய்யா! வாந்தி எடுத்து, கண்ணு சொருகி... நர்ஸ் வந்து கதவத் திறந்தா அந்தம்மாவுக்கே மூச்சு முட்டுது. வண்டிக்கடியிலேருந்து புகை மாதிரி எழும்புது. உங்க மூக்குக்கு மட்டும் ஒண்ணும் தெரியல. மூக்கராம் மூக்கர்!"

"சார், நான் மறுபடியும்..."

"இனிமே இதை ஓட்டவே எனக்கு பயமா இருக்கு. நாளன்னிக்கு அவளுக்கு டயாலிசிஸ். எதுல கூட்டிட்டுப் போறதுன்னு தெரியல." கடைசி வாக்கியத்தில் கோபம் வடிந்து குரல் உடைந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தே போய்விட்டார்.

டயர் கடைக்காரர் டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். அவரும் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மூக்கருக்கு.

அன்று பிற்பகல் முழுக்க அவர் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார். பெட்ரோல் பம்பைக் கழற்றி உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஓட்டை இல்லை. குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழ் வரவில்லை. புகை எழும்பியது என்றாரே, அப்படியானால் சூடான சைலன்சர் குழாயில் எங்கேயோ பெட்ரோல் விழுந்து ஆவியாகிறது. அதனால்தான் தரையில் சொட்டுக்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் கூடுதலாக விழுந்தால் ஆவி மட்டும் எழும்பாது, தீயே பிடிக்கும். பின் சீட்டில் ஒரு கால் இல்லாத பெண். கதவைத் திறந்து இறங்கி ஓட அவளால் முடியாது.

இதை நினைத்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முழந்தாளிட்டு, டேங்கின் மேல் முகத்தை வைத்து, சீட்டின் அட்டையில் மூக்கை அழுத்தி, இழுத்து இழுத்துப் பார்த்தார். தலை சுற்றிற்று. அதுதான் மிச்சம்.

"டீ போடவா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நானே போட்டுக்கறேன்" என்று எழுந்து போனார். பம்பைக் கழற்றியபோது சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தார். அடுப்பைப் பற்ற வைக்கக் குனிந்தார்.

பக் என்று ஒரு சத்தம். வலது கை நீலமாகப் பற்றிக்கொண்டது. ஒரு கணம் அவர் அதை வேடிக்கை பார்க்கிறவர் போலப் பார்த்தார். பிறகு கத்தினார். மனைவி தைத்துக்கொண்டிருந்த தடித்த சீட் துணியோடு ஓடி வந்து கையைச் சுற்றி இறுக்கி, அவரைத் தரையில் தள்ளி, மேலே விழுந்து அமுக்கினாள். தீ அணைந்தது. முடி கருகி, தோல் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. குழாயடியில் கையைக் காட்டச் சொல்லி, தண்ணீர் ஓட ஓட அவள் அந்தச் சட்டையை மோந்தாள்.

"ஏங்க, முழுக்க பெட்ரோல். ஊரே மணக்குது. இதோட எப்படி அடுப்புகிட்ட போனீங்க?"

அவர் கையைத் திருப்பித் தண்ணீரில் காட்டினார்.

"உங்களுக்கா தெரியல? பக்கத்துத் தெருவுல பால் பொங்கினா சொல்றவருக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "எப்போலேருந்து?"

"காய்ச்சல்லேருந்து."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. "நான் புதுசா சோப்பு மாத்தினேன், புடவைக்கு வேற பவுடர் போட்டேன். ஒண்ணுமே சொல்லலையேன்னு நெனச்சேன். என்மேல ஏதோ கோபம்னு நெனச்சேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அவருக்கு அது கையில் பட்ட தீயைவிட அதிகம் சுட்டது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "வாங்க, நான் மோந்து பாக்கறேன்" என்று பட்டறைக்குள் போனாள். ஆமையைச் சுற்றி வந்தாள். "எங்க நாறுது?" என்றார் ஆவலாக.

"எங்க நாறலன்னு கேளுங்க. இந்தப் பட்டறையே நாறுது. நீங்களும் நாறுறீங்க."

அந்த நிலையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: "அந்த வீட்டுக்குப் போய் உள்ளதச் சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு உயிர் இதுல கெடக்கு."

கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு போனார். கடிகாரக்காரர் வீட்டுக் கூடத்தில் சுவர் முழுக்கக் கடிகாரங்கள், பழுதானதும் சரியானதுமாக, ஒன்று சொன்ன நேரத்தை இன்னொன்று சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. மூக்கர் உட்காரவில்லை.

"என் மூக்கு செத்துப் போச்சு சார். எனக்கு எந்த வாசமும் தெரியாது. ரொம்ப நாளாச்சு."

கடிகாரக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார். "அப்போ மோந்து பாத்த மாதிரி நடிச்சீங்களா? மூணு தடவையும்?"

"நடிச்சேன்."

"அவ எரிஞ்சிருப்பாளேய்யா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற எங்கயாவது கொண்டு போயிருப்பேனே!"

மூக்கர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தார்.

"அவர உள்ள வரச் சொல்லுங்க" என்று அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

ஜன்னலோரக் கட்டிலில் கடிகாரக்காரரின் மனைவி சாய்ந்திருந்தாள். மூக்கர் அவளைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாரே தவிர, பேசியதில்லை. முகம் வெளுத்து, கண் மட்டும் துறுதுறுவென்று இருந்தது.

"அண்ணா, மூணு தடவை வண்டிய ரிப்பேர் பண்ணீங்க. பின்னாடி உக்காந்து அதை மோந்தவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்லம்மா."

"இவரும் கேக்கல. ஜன்னலத் திறந்து விட்டுட்டு ஓட்டுறவருக்கு என்ன தெரியும்?"

கடிகாரக்காரர் வாசற்படியில் நின்றபடி முணுமுணுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கேளுங்க. வண்டி ஓடும்போது ஒண்ணுமே இருக்காது. ஆஸ்பத்திரி வாசல்ல இவரு வண்டிய நிறுத்தி ஆஃப் பண்ணிட்டு, ஆளக் கூட்டிட்டு வர்றேன்னு உள்ள போவாரு. நான் அப்படியே உக்காந்திருப்பேன். அப்பதான் வரும். மொதல்ல லேசா, அப்புறம் தொண்டையப் பிடிக்கும். எல்லா நாளும் இல்ல. பெட்ரோல் ரொப்பிட்டுப் போற அன்னிக்கு கட்டாயம் வரும்."

மூக்கர் கட்டில் பக்கம் ஓரடி நகர்ந்தார். "எந்தப் பக்கமிருந்தும்மா?"

"இந்தப் பக்கம். கால் இல்லாத பக்கம்." அவள் சிரித்தாள். "கால்தான் ஒண்ணு போச்சு. மூக்குல ரெண்டு ஓட்டையும் நல்லாத்தான் இருக்கு."

மூக்கர் மனசுக்குள் வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஓடும்போது பம்ப் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. அந்த நேரத்தில் குழாயில் விரிசல் இருந்தால் வெளியிலிருந்து காற்று உள்ளே போகுமே தவிர, பெட்ரோல் வெளியே வராது. இஞ்சினை ஓட விட்டுக்கொண்டு சாக்பீஸ் பொடியைப் பார்த்துக்கொண்டிருந்த தன் மடத்தனத்தை நினைத்து அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வண்டி நின்றால் உறிஞ்சல் நின்றுவிடும். டேங்க் நிறைந்திருந்தால் மேலிருக்கிற பெட்ரோல் தானே இறங்கிக் கசியும். அதுவும் இவள் உட்கார்ந்திருக்கும்போது. இவள் உட்கார்ந்தால்... வண்டியின் பின்புறம் தாழும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் வண்டியின் உடம்பு மேலே போய், பின் சக்கரங்களைக் கோக்கிற ஆக்ஸில் கீழே தொங்கும். தாழும்போது ஆக்ஸில் மேலே ஏறி வந்து எதையோ முட்டுகிறது. தூக்கும்போது விலகிவிடுகிறது. அடியில் பார்த்தபோதெல்லாம் அவர் பார்த்தது தூக்கிய வண்டியை. குழியில் இறங்கியிருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

"நாளைக்குப் பாத்துடறேம்மா" என்றார்.

"என்னைக் கூட்டிட்டுப் போய் உக்கார வைங்க. வாடை வந்ததும் சொல்றேன்."

"வேணாம்மா. உங்க எடைக்கு மணல் மூட்டை வைக்கறேன். மணலுக்கு மயக்கம் வராது."

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக ஏறியதும், பம்பர்களை ஒதுக்கிப் பலகைகளைத் தூக்கினார். குழி இருட்டாக வாயைத் திறந்தது. கடிகாரக்காரரும் வந்திருந்தார், பேசவில்லை, ஆனால் கூடவே வண்டியைத் தள்ளினார். டேங்கை நிறைத்தார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். பின் சீட்டில் மணல் மூட்டைகள் ஏறின; டிக்கியில் இன்னொன்று, சக்கர நாற்காலிக்குப் பதிலாக. ஆமை பின்பக்கம் அமுங்கி உட்கார்ந்தது. இஞ்சின் குளிர்ந்திருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. மணல் வாளி ஒன்று தயாராக இருந்தது.

"நீ இந்த ஓரத்துல உக்காரு" என்று மனைவியிடம் சொன்னார். "சும்மா பட்டறை நாத்தத்துக்கெல்லாம் கத்தாத. குழியிலேருந்து புதுசா ஒண்ணு வந்தா சொல்லு."

"எது புதுசு எது பழசுன்னு எனக்கெப்படிங்க தெரியும்?"

"தெரியும். மேல பாத்து சுவாசிச்சுட்டு, கீழ குனிஞ்சு சுவாசி. வித்தியாசம் தெரியும்."

குழிக்குள் பொறி தெறிக்கக்கூடாதென்று வெளியிலேயே டார்ச்சைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கட்டுப் போட்ட கை எரிந்தது. சைலன்சர் குழாயின் மேல் நீளமாக வெள்ளைக் காகிதத்தை விரித்து, பின் ஆக்ஸில் பக்கம் விளக்கடித்தார். அங்கே இருந்தது. குழாயைப் பிடித்திருந்த கிளிப் ஒன்று துருப்பிடித்து முறிந்திருந்தது. குழாய் தொங்கிப்போய், அமுங்கி வந்த ஆக்ஸில் அதன்மேல் தோள் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தது. இரும்புக் குழாயும் ரப்பர் குழாயும் சேர்கிற மூட்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. ஆனால் ஈரம் தெரியவில்லை. வளைந்தால் மட்டும் போதாது, கசிய வேண்டும். கண்ணால் பார்க்காமல் இன்னொரு தடவை ஒரு பொய்யைச் சொல்லக்கூடாது என்று அங்கேயே நின்றார்.

நேரம் போனது. மேலே கடிகாரக்காரர் செருமினார்.

மூட்டின் அடியில் ஒரு மினுக்கம் தெரிந்தது. மெல்லத் திரண்டது. விழுந்தது. காகிதத்தில் ஒரு வட்டம் விரிந்து, வெளிறி, பாதி மறைவதற்குள் அடுத்தது விழுந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். சொட்டுகள் நெருங்கின. சைலன்சரிலிருந்து வழிந்து குழியின் தரைக்கு வந்தது.

"என்னங்க, மேல வாங்க" என்றாள் மனைவி.

"இரு. ஒரு இடமா, ரெண்டு இடமான்னு பாத்துடறேன்."

"வருதுங்க. வாடை வருது. வாங்க!"

"ஒரு நிமிஷம்."

ரப்பருக்குப் பின்னால் இன்னொரு விரிசல் இருக்கிறதா என்று குனிந்தார். டார்ச் வெளிச்சம் இரண்டாகத் தெரிந்தது. கால் பஞ்சு மாதிரி ஆனது. எந்த நாற்றமும் இல்லை. சுத்தமான காலைக் காற்றில் நிற்கிறது போலத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. நெஞ்சுவரை விஷத்தில் நின்றுகொண்டிருந்தார், உடம்பு அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"யோவ், ஏறு மேல!" என்று அவர் மனைவி அலறினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தக் குரல்தான் அவரை எட்டியது. படியைப் பிடித்தார், பிடி நழுவியது. கடிகாரக்காரர் குப்புறப் படுத்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். மனைவி அக்குளில் கை கொடுத்தாள். கொப்புளம் உடைந்து கை ரத்தமானது. தெருவுக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டார்கள். வாந்தி எடுத்தார். சாக்கடையோரம் உட்கார்ந்து, தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "கண்டுபிடிச்சுட்டேன், கண்டுபிடிச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை கொடுத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

டேங்கை வடித்து, குழியைக் காற்றாட விட்டு, பகலெல்லாம் வேலை நடந்தது. ஒரு கையால் அவரால் முடியாததை மனைவியும் கடிகாரக்காரரும் பிடித்துக் கொடுத்தார்கள். பழைய குழாயை வெட்டி எறிந்துவிட்டு, புதிய குழாயை ஆக்ஸிலின் பாதையிலிருந்து விலக்கி, சட்டத்தின் உள்பக்கமாக வளைத்துக் கொண்டுபோனார். புது ரப்பர், புது கிளிப்புகள், கூடுதலாக ஒரு தாங்கு. கடிகாரக்காரரின் விரல்கள் சின்னத் திருகுகளுக்குப் பழகியவை, கிளிப்பை முறுக்கும்போது, "இவ்வளவு போதுமா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். அதுதான் அன்று அவர் மூக்கரிடம் பேசிய முதல் பேச்சு.

மறுபடி டேங்கை நிறைத்தார்கள். மறுபடி மணல் மூட்டைகள். இந்தத் தடவை மூக்கர் இறங்கவில்லை. இறங்க மனைவி விடவில்லை. கண்ணாடித் துண்டு ஒன்றைக் கழியில் கட்டிக் கீழே விட்டு, மேலிருந்தே பார்த்தார்கள். காகிதம் காய்ந்தபடியே இருந்தது. வெயில் சாயும்வரை அப்படியே இருந்தது.

சிகிச்சைக்குப் போக வேண்டிய நாள் காலையில் கடிகாரக்காரரின் மனைவியை அவர்கள் வீட்டு வாசலில் வண்டியில் ஏற்றினார்கள். கதவைத் திறந்தே வைத்து, இஞ்சினை ஓட விட்டு, நிறுத்தி, காத்திருந்தார்கள். மூக்கர் கதவருகே நின்று அவள் முகத்தையே பார்த்தார். தன் முகத்தை எத்தனையோ பேர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். அவள் கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்தாள். குனிந்து, கால் இல்லாத பக்கம் கை வைத்து, மறுபடி இழுத்தாள்.

"என்னம்மா?"

"பழைய ரெக்ஸின் வாடை அடிக்குது. உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லி இந்த சீட் கவர மாத்தச் சொல்லுங்கண்ணா. வேற ஒண்ணுமில்ல."

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தார். நிம்மதி வரும் என்று நினைத்தார். கொஞ்சம் வந்தது. அதற்குள், இந்த ஒரு வண்டிக்கே இவ்வளவு என்றால் இனி வரப்போகிற வண்டிகளுக்கு என்ன செய்வது என்கிற பயம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

செய்தி பரவியது. அவரே சொன்னார், வருகிறவர்களிடமெல்லாம், "எனக்கு மோப்பம் கிடையாது, தெரிஞ்சு வண்டிய விடுங்க" என்று சாவியை வாங்குவதற்கு முன்பே சொன்னார். டாக்ஸிக்காரர்கள் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். சிலர் மட்டும் நின்றார்கள். கூடத்தில் இருந்த தையல் மெஷின் பட்டறைக்குள் இடம் மாறியது. வண்டி வந்ததும் அவர் கூப்பிட, அவள் ஊசியை நிறுத்திவிட்டு வந்து மோந்து பார்ப்பாள்.

"என்ன நாத்தம்?"

"கெட்ட நாத்தம்."

"கெட்டதுன்னா எப்படி? இனிப்பா, காரமா, தீஞ்ச மாதிரியா?"

"நாத்தம் மாதிரி நாறுதுங்க! விடுங்க, வேலை கெடக்கு."

ஒரு நாளைக்கு எத்தனை தடவை சண்டை என்று கணக்கே இல்லை. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் பிடிபட்டது. கிளட்சையும் பிரேக்கையும் குழப்பிக்கொள்வாள். பெட்ரோலை மட்டும் தவறவிட்டதே இல்லை.

கடிகாரக்காரரின் மனைவி இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பின் சீட்டில் போய்வந்தாள், புதிய சீட் கவரில். பிறகு ஒரு கோடையில், படுக்கையிலேயே, தூக்கத்தில் போய்விட்டாள். மூக்கரும் மனைவியும் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள். கடிகாரக்காரர் வண்டியை விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள், பிளக் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த மூக்கர் சட்டென்று எழுந்து நின்றார். ஏதோ தீய்கிற வாசம். தெளிவாக, மூக்கின் உச்சியில். வீட்டுக்குள் ஓடி அடுப்பைப் பார்த்தார், ஒயர்களைப் பார்த்தார், தெருவுக்கு ஓடிக் குப்பைத் தொட்டியைப் பார்த்தார். "தீயற வாசம் வருது! எனக்கு வருது!" என்று கத்தினார். மனைவி மெஷினை விட்டு எழுந்து வந்து, மேலே பார்த்து மூச்சை இழுத்தாள், கீழே குனிந்து இழுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குச் சொல்ல மனசு வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். எங்கேயும் எதுவும் தீயவில்லை.

டாக்டரிடம் போனபோது, அடிபட்ட நரம்பு சில சமயம் இல்லாததை இருக்கிற மாதிரி காட்டும், அதை நம்ப வேண்டாம் என்றார். மூக்கர் சரி என்றார். ஆனாலும் பல நாள், வேலைக்கு நடுவே கையை நிறுத்திவிட்டு, தலையை லேசாகத் தூக்கிக் காத்திருப்பார். அந்தப் பொய் வாசம்கூட அதற்குப் பிறகு வரவில்லை.